பேஸ் கிட்டாரில் பெரிய கை யார்?

தென்காசி வாசகர் ஒருவர் தொடங்கியது, 13 ஜூலை 2025

"ஜாக்கோ பாஸ்டோரியஸ்தான் உலகத்திலேயே பெரிய பேஸ் கிட்டார் கலைஞர். அவர் வரும்வரை பேஸ் என்றால் பின்னால் நின்று தும் தும் என்று தட்டும் வேலை. அவர் வந்த பிறகுதான் அது ஒரு வாத்தியம். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்."

14 ஜூலை 2025

மறுக்கிறேன். காரணமும் சொல்கிறேன்.

1991இலிருந்து 2008 வரை பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ், அதாவது பாட்டின் அடிச் சத்தத்தைத் தரும் நாலு கம்பிக் கிட்டார், வாசித்தவன் நான். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, அசனப் பண்டிகை, கல்லூரி விழா என்று திசையன்விளையிலிருந்து கடையம் வரை மேடை ஏறியிருக்கிறேன். பின்னால் நின்று தும் தும் என்று தட்டும் வேலை என்று தம்பி எழுதியிருக்கிறாரே, பதினேழு வருஷம் நான் செய்தது அந்த வேலைதான். அது சின்ன வேலை இல்லை.

என் கணக்கில் முதல் ஆள் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் 1960களில் வெளிவந்த பாட்டுகளில் பெரும்பகுதிக்கு பேஸ் அவர்தான். 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார் ஒன்று வைத்திருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார். அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கேறி மழுங்கிப்போன கம்பியில்தான் அந்தச் சத்தம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. கம்பிகள் முடிகிற இடத்தில் இருக்கும் பிரிட்ஜின் மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் இருக்கும், சத்தம் நீண்டு இழுக்காமல் பொத்தென்று விழுவதற்கு.

ஜேமர்சன் வாசித்த பாட்டு எதையாவது எடுத்து, பாடுகிறவரை மறந்துவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று ஸ்வரம் தாவி வந்து, அடுத்த வரி தொடங்கும்போது சரியாகத் தரையில் காலை ஊன்றியிருப்பார். பாடகருக்கு அங்கே விழ வேறு இடமே இருக்காது.

இவ்வளவு வாசித்தவரின் பெயர் இசைத்தட்டு உறையில் வரவே இல்லை. 1971இல்தான் மோடவுன் முதன்முதலாக வாசித்தவர்களின் பெயரை அச்சடித்தது. 1983இல் இறந்துபோனார். வயது 47.

15 ஜூலை 2025

ஒரு திருத்தம். எல்லாவற்றையும் அவர் ஃபெண்டரில் வாசித்தது போல நேற்று எழுதிவிட்டேன். தவறு. ஜேமர்சன் அடிப்படையில் டபுள் பேஸ்காரர், நிற்க வைத்து வாசிக்கும் ஆளுயரப் பெட்டி அது. மோடவுனின் தொடக்கப் பாட்டுகள் சிலவற்றில் அந்தப் பெட்டிதான் கேட்கிறது. ஒற்றை விரல் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான்.

16 ஜூலை 2025

"ஜாக்கோவைக் கேட்காமல் பேசாதீர்கள்" என்று தம்பிக்குக் கோபம். கேட்டிருக்கிறேன் தம்பி. கேட்டதனால் ஒரு கிட்டாரையே நாசமாக்கினேன்.

ஜாக்கோ தன் 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸிலிருந்து, கழுத்தில் ஸ்வர இடங்களுக்குக் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினைப் பூசினார். அதனால்தான் வளைந்து வளைந்து பாடுகிற அந்தச் சத்தம். நம் காதுக்கு அது அந்நியமே இல்லை. கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஃபிரெட் இல்லாத பேஸைக் கேட்ட உடனே 'அட, நம்ம ஆளு' என்று தோன்றும். 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில், ஹார்மோனிக்ஸை மட்டும் வைத்தே ஒரு முழுப் பாட்டு வாசித்திருக்கிறார். கம்பியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு எழுப்புகிற மணிச் சத்தம் அது. எத்தனையோ ராத்திரி முயன்றிருக்கிறேன், அதில் கால்வாசிகூட என் கைக்கு வரவில்லை.

1994இல் கல்கத்தாவில் செய்த ஒரு பேஸை வாங்கி, குறடால் ஃபிரெட்டைப் பிடுங்கினேன். டவுனில் ஒரு ஆசாரி தேக்குத் தூளையும் பசையையும் குழைத்துப் பள்ளத்தை அடைத்துக் கொடுத்தார். எபாக்ஸி பூசுவது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் கம்பி மரத்தைத் தின்றுவிட்டது. உருக்குக் கம்பி சுற்றியிருக்கும் சுருள், அரம் போல அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்தாவது ஸ்வர இடத்தில் நகத்தை வைத்தால் உள்ளே இறங்கும் அளவுக்குக் குழி.

ஆக, ஜாக்கோவின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் அது வாத்தியமே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

18 ஜூலை 2025

நேற்று ஆடி பிறந்துவிட்டது. எங்கள் தெரு வேம்பில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கே பாட்டு. அதைக் கேட்டபடி படுத்திருந்தபோது, இந்த விவாதத்தில் யாருமே தொடாத ஒன்று நினைவுக்கு வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு பேஸ் கிட்டார் என்றால் என்னவென்று தெரியாமல் போனதற்குக் காரணம் இந்தக் குழாய்தான்.

பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளைச் சும்மா மீட்டினால் ஒரு வினாடிக்கு வரும் அதிர்வு: தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55, டி கம்பி 73, ஜி கம்பி 98. குழாய் ஸ்பீக்கரிலோ சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் வேகமாகச் சரிந்துவிடும். இரண்டு பர்லாங் தூரத்துக்குப் பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பொருள், அதில் அதன் வேலை சரியாகவே நடக்கிறது. ஆனால் பேஸ்காரர் கம்பியில் வாசிப்பதில் அடிச் சத்தம் முழுவதும் அந்தக் குழாயின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கொடை, சடங்கு, புதுமனை புகுவிழா, தேர்தல் என்று திருநெல்வேலிச் சீமை பாட்டுக் கேட்டதெல்லாம் குழாயில்தான். குரல், புல்லாங்குழல், வயலின் எல்லாம் வயல் தாண்டிப் போகும். பேஸ் மரத்தைவிட்டே இறங்காது.

1989இல் சவூதியிலிருந்து வந்த அத்தான் ஒரு வாக்மேன் கொண்டுவந்தார். குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து அதை என் காதில் மாட்டிவிட்டார். 'பூவே செம்பூவே'. அதற்கு முன்பு அந்தப் பாட்டை நூறு தடவை குழாயில் கேட்டிருப்பேன். ஜேசுதாஸ் குரல் நீண்டு நிற்கிற இடங்களில், அடியில் ஒருவர் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். குரலைத் தொடராமல், விட்டும் போகாமல், தன் வழியில் நடந்து அந்தந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார். அத்தானிடம், "இது வேற பாட்டா?" என்று கேட்டேன். ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். காதில் மாட்டியிருந்ததால் என் குரல் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு பேஸ் பிடித்தது.

19 ஜூலை 2025

ஒலிப்பொறியியல் படித்த ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். நன்றாகவே திருத்தியிருக்கிறார். 55 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினால் 55 மட்டும் வருவதில்லை. 110, 165, 220, 275, 330 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். குழாய் 55ஐத் தடுத்தாலும் மேலே உள்ள மடங்குகளை விடும். அந்த மடங்குகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து, கேட்காத 55ஐ மனிதக் காது தானே கட்டிக்கொள்ளும். ஆகவே பேஸ் 'மரத்தைவிட்டே இறங்காது' என்று நான் எழுதியது சரியில்லை. அதன் உடம்பு வராது, நிழல் வரும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பத்திரண்டு வயது. "சின்னப் பையனா இருக்கும்போதே நீ பாட்டைப் பாட மாட்டே, தொண்டைக்குள்ள தும் தும்னு எதையோ உருட்டிக்கிட்டே இருப்பே" என்றாள். வாக்மேன் வருவதற்குப் பல வருஷம் முந்தைய கதை அது. படித்துறையில் முதன்முதலாகக் கேட்டேன் என்று நான் இத்தனை வருஷம் நம்பியதும் பாதிதான் சரி போல.

மோடவுன்காரர்கள் பாட்டைக் கலந்து முடித்ததும், கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்களாம். அதிலும் ஜேமர்சன் தெரிந்தார். குழாயிலும் நிழல் விழுகிற மாதிரி வாசிப்பவர் பெரிய ஆள் என்று ஒரு அளவுகோல் வைக்கலாமா? யோசித்துச் சொல்கிறேன்.

23 ஜூலை 2025

பிளாக் சாபத் ராக் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் நேற்று இறந்துவிட்டார். இந்த மாதம் 5ஆம் தேதிதான் பர்மிங்காமில் பிளாக் சாபத் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து மேடையேறினார்கள்.

எல்லோரும் ஓசியைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதட்டும். நான் கீசர் பட்லரைப் பற்றிச் சொல்கிறேன். பிளாக் சாபத்தின் பேஸ் அவர். முதலில் ரிதம் கிட்டார்தான் வாசித்தார், குழுவுக்கு ஆள் தேவைப்பட்டதால் பேஸுக்கு மாறினார். அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் வலது கை விரல் இரண்டின் நுனியை இழந்தவர். கம்பி இறுக்கமாக இருந்தால் வலிக்கும் என்பதால் பிற்பாடு சுருதியைத் தளர்த்தினார். கீசரும் கூடவே இறங்கினார். அந்த இருட்டுச் சத்தம் அப்படித்தான் கனத்தது.

பேஸ் வாசிக்கவே பிறந்தவர்கள் என்று அநேகம் பேர் கிடையாது. கரோல் கேயை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கிட்டார் வாசித்தவர். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை, இவர் எடுத்து வாசித்தார். அதன்பிறகு அமெரிக்காவில் ரேடியோ கேட்ட யாரும் அவர் வாசித்ததைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இந்த வருஷம் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 90 வயதில், வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டூடியோவில் வாசித்தவர்கள் செய்த வேலையை அந்த விருது காட்டவில்லை என்பது அவர் காரணம். படித்தபோது எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

என் கதையும் இதே மாதிரிதான். 1991, முக்கூடல் பக்கம் ஒரு அம்மன் கொடை. நான் ரிதம் கிட்டார். பேஸ் வாசிக்கிற அண்ணன் வரவில்லை. ஒன்பதரை மணிக்குக் குழுவை நடத்திய அண்ணாச்சி, பேஸைத் தூக்கி என் தோளில் மாட்டி, "எல, நாலு கம்பிதானல, தட்டு" என்றார். கை நடுங்கியது. பக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் குனிந்து, "கையப் பாக்காத. என் வலது காலைப் பாரு" என்றார்.

விடிய விடிய அந்தக் காலைத்தான் பார்த்தேன். ரப்பர் செருப்பு, அதில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அது பெடலை மிதிக்கும்போது என் விரல் கம்பியில் விழ வேண்டும், அவ்வளவுதான் பாடம். மூன்று மணிக்கு ஆள்காட்டி விரலில் கொப்புளம் உடைந்தது. நடுவிரலுக்கு மாற்றினேன், நாலு மணிக்கு அதுவும் போயிற்று. பிறகு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

24 ஜூலை 2025

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். விடவில்லை. நேற்றுச் சொன்ன வரிசையிலேயே அவரும் வருகிறார். பேஸ் வாசித்த நண்பர் விலகியபோது வேறு யாரும் முன்வராததால் எடுத்தவர். 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் 1972இல் திருடுபோய், 51 வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. பாடிக்கொண்டே, பாடும் மெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மெட்டை விரலில் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் முயன்றேன். ஒன்று குரல் நிற்கும், இல்லையென்றால் கை நிற்கும்.

இன்றைக்கு ஆடி அமாவாசை. காரையாறு போகிற வண்டிகள் எல்லாம் மேளத்தோடு போகின்றன. மீதி நாளைக்கு.

27 ஜூலை 2025

நாளைக்கு என்றேன், மூன்று நாள் ஆகிவிட்டது.

"நம்ம ஆளு யாருமே இல்லையா?" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இருக்கிறார்கள். அந்தப் படித்துறையில் என் காதுக்குள் நடந்த பேஸ் மாதிரி, இளையராஜாவின் பாட்டுகளில் பல வருஷம் பேஸ் வாசித்தவர் சசிதரன். பேஸின் ஸ்வரங்களையும் ராஜாவே எழுதிக் கொடுத்துவிடுவார் என்பதால், "அதில் வாசிப்பவருக்கு என்ன பெருமை?" என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். எழுதியதை வாசிப்பது என்றால் டைப் அடிப்பதா? எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே விரலைத் தூக்கி மௌனம் வைப்பது என்பது தாளில் பாதிதான் இருக்கும். ராஜாவின் பேஸ் தனியாகப் பாடினாலே ஒரு மெட்டு. அதை மெட்டாகவும் வைத்து, தாங்குகிற தரையாகவும் வைப்பது விரல் செய்கிற வேலை.

ஜேமர்சனுக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. கேசட் உறையில் படம், பாடகர், இசையமைப்பாளர், அத்தோடு சரி. ரகுமான் ஆல்பங்களில்தான் வாசித்தவர்களின் பெயரும் வர ஆரம்பித்தது. கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அவர் நிறைய வாசிக்க மாட்டார். ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு அது முழுக்க மலரும்வரை காத்திருப்பார். வயது ஏற ஏற எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிடிக்கிறது. இப்போது மோகினி டே. மும்பைப் பெண், 1996இல் பிறந்தவர், பேஸ்காரரான அப்பாவிடமே கற்றவர். வாயால் தாளச் சொற்களைக் கொட்டும் கொன்னக்கோலுக்கு ஈடாக விரலை ஓட்டுகிறார். தம்பிக்கு ஜாக்கோ பிடிக்கும் என்றால் இவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாளையங்கோட்டையில் பேஸ் வாசிக்க வந்த பையன்களில் பாதிப் பேர் சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்கள். நாலு குரலாகப் பிரித்துப் பாடும் பழக்கம் அங்கே இருக்கிறது. சின்ன வயதிலேயே பெரியவர்கள் வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடியவனுக்கு, மெட்டு மேலே போகும்போது அடி எங்கே போக வேண்டும் என்பது சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துவிடுகிறது. நான் அம்மன் கொடையில் டிரம்ஸ்காரர் காலைப் பார்த்துக் கற்றேன், அவர்கள் ஞானப்பாட்டில் கற்றார்கள்.

6 ஆகஸ்ட் 2025

நேற்று செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக் கொடை. இரண்டு மணிக்குத்தான் வந்து படுத்தேன்.

ராத்திரி மெல்லிசைக் குழுவும் இருந்தது. பேஸ் கிட்டார் இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸைச் சமாளித்தார், பாதிப் பாட்டு பாடகர் குரல் இல்லாமல் பதிவுசெய்த மைனஸ் ட்ராக்கில் ஓடியது. ஆளாளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றார் குழு நடத்தும் தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு பாட்டில் பாடகி உணர்ச்சியில் ஒரு தாளம் தாமதித்துவிட்டார், ட்ராக் அவருக்காக நிற்கவில்லை. ஒரு பேஸ்காரரும் டிரம்ஸ்காரரும் இருந்திருந்தால், ஒருவரை ஒருவர் பார்த்து அந்த ஒரு தாளத்தைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். கூட்டத்துக்குத் தெரிந்தே இருக்காது. அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

அதற்கு முன்னால் வில்லுப்பாட்டு. நான் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வலது கையில் இருந்த தட்டையான மட்டையால் பானையின் வாயை அடித்தார் பானைக்காரர். உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக அசைந்து 'தும்' என்று வெளியே வருகிறது. இடது கையில் ஒரு காசு, அதை வைத்துப் பானையின் உடம்பில் 'டிங் டிங்'. அடியும் அவரே, தாளமும் அவரே. மட்டையை அடித்ததும் எடுத்தால் சத்தம் திறந்து உருளுகிறது, வாயிலேயே அழுத்திப் பிடித்தால் பொத்தென்று அடங்குகிறது. ஜேமர்சனின் ஸ்பாஞ்ச் செய்த வேலை!

அமெரிக்க பேஸ்காரர் லாரி கிரகாமை இதுவரை சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்று அங்கேதான் உறைத்தது. அம்மாவோடு சேர்ந்து வாசித்த குழுவில் டிரம்ஸ்காரர் இல்லாமல் போனதால், கட்டைவிரலால் கம்பியை அடித்துப் பெரிய டிரம்மின் சத்தத்தையும், ஆள்காட்டி விரலால் கம்பியைச் சுண்டிச் சின்ன டிரம்மின் சத்தத்தையும் அவரே கொண்டுவந்தார். இன்றைக்கு ஸ்லாப் என்று உலகமே வாசிப்பது அதைத்தான். மட்டையும் காசும் வைத்து எங்கள் சீமையில் பானைக்காரர் செய்வது அதே வேலை.

புலவர் கதையில் அம்மன் கோபம் கொள்ளும் இடம் வந்தது. வில் வேகம் எடுத்தது, உடுக்கை வேகம் எடுத்தது, சாமியாடுகிறவர் எழுந்துவிட்டார். பானைக்காரர் மட்டும் வேகம் எடுக்கவில்லை. பழைய நடையிலேயே அடி, ஆனால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கனமாக. மற்றவர்கள் எல்லாம் அதைச் சுற்றி ஓடினார்கள். என் நெஞ்செலும்பில் அது விழுந்தது. இதைக் குழாயில் கேட்டிருக்க முடியாது.

9 ஆகஸ்ட் 2025

குழாயிலும் நிழல் விழ வேண்டும் என்ற அளவுகோலை யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தேன். கைவிடுகிறேன். அந்த அளவுகோலில் பானைக்காரர் தோற்றுவிடுவார், அது சரியில்லை.

எனக்கு இப்போதும் ஜேமர்சன்தான் முதல். அதில் மாற்றம் இல்லை. ஜாக்கோவை எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்டம் கண்டிருக்கிறேன். தென்காசித் தம்பி அனுப்பிய ஜாக்கோ பதிவை நேற்று இரண்டு தடவை கேட்டேன். தனியாகப் பறக்கும் இடங்களை விட்டுவிட்டு, பாடகிக்குப் பின்னால் அவர் வாசிக்கும் இடங்களை மட்டும் கேட்டேன். அங்கே அவரும் தாங்குகிறார். பாடகி வரியை இழுக்கும்போது இவர் ஸ்வரத்தை வளைத்துக் கொடுக்கிறார். இத்தனை வருஷம் நான் அவருடைய பறப்பை மட்டும் கேட்டிருக்கிறேன். தம்பி, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது.

10 ஆகஸ்ட் 2025

தம்பி பேஸ் வாங்கப் போகிறாராம், எது வாங்குவது என்று கேட்கிறார். முதலில் ஐந்து கம்பி வேண்டாம், நாலு போதும். 34 அங்குலக் கம்பி நீளம் உள்ளது, ஃபிரெட் உள்ளது. தடவினால் வழவழப்பாக இருக்கிற தட்டைச் சுருள் கம்பி போடுங்கள், விரல் வழுக்கும்போது கீச்சிடாது, மரத்தையும் தின்னாது. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வாங்கக் காசு இல்லையென்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாருங்கள். அந்த டிரம்ஸ் அண்ணனுக்கு இப்போது எழுபத்தொரு வயது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். முட்டி வலி என்கிறார், ஆனால் பெடல் மிதிப்பார். நேற்றே கேட்டு வைத்துவிட்டேன்.